டர்போவைத் தடைசெய்யக் கோரும் கனவான்களுக்கு

சென்ற மாதம் எமது பகுதியின் பொதுநலச் சங்கமொன்றைச் சேர்ந்த பிரமுகர்கள் மூவர், இஷாத் தொழுகை முடிந்த கையோடு என் வீடு தேடி வந்தார்கள். வந்த காரியம் வழமையானதுதான். மனு. பத்திரிகையில் காலம் முழுவதும் எழுதியவன் என்ற ஒரே குற்றத்துக்காக, கல்முனைக்குடியிலிருந்து நிந்தவூர் வரை வடிகான், தெருவிளக்கு, ஆசிரியர் இடமாற்றம் என்று யாருக்கு எந்த மனு தேவைப்பட்டாலும் அது என் மேசைக்கே வந்து சேர்கிறது. நானும் இதுவரை எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

இம்முறை அனுப்பினேன். அதனால் என்மீது மனஸ்தாபம் கொண்டிருக்கும் அந்த மூவருக்கும், அவர்களைப் போலச் சிந்திக்கும் ஏனையோருக்கும் இதை எழுதுகிறேன்.

அவர்கள் கேட்டது இதுதான். இளைஞர்கள் தம் வீட்டு வளவுகளில் வைத்துப் பழைய கார்களின் எஞ்சின்களை மாற்றியமைப்பதை உடனடியாகத் தடைசெய்ய வேண்டும் என்று பொலிஸாருக்கு ஒரு மகஜர். இளைஞர்கள் என்று பன்மையில் சொன்னாலும் குறி வைக்கப்பட்டவன் ஒருவன்தான். என் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவன். அவனுடைய மூத்தவாப்பா விட்டுச்சென்ற பழைய டொயோட்டா க்ரவுண் கார் ஒன்று அவனிடம் இருக்கிறது. இரண்டு லீற்றர், ஆறு சிலிண்டர், பெற்றோல், காபரேட்டர். அந்த எஞ்சினுக்கு டர்போ பூட்டப் போகிறான் என்ற செய்தி ஊரில் பரவி, பள்ளிவாசல் முற்றம் வரை வந்து, வீண்விரயம், இஸ்ராப், அனாசாரம் என்றெல்லாம் பெயர் பெற்று, கடைசியில் மனுவாக உருவெடுத்திருக்கிறது.

நான் உடனே மறுக்கவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன். எஞ்சினியரிங் படித்தவனல்லன் நான்; கேட்டு எழுதிப் பழகியவன். ஆகவே முதலில் அந்தப் பையனிடமே போனேன்.

மாமரத்தின் கீழ் கார் நின்றது. பொனட் கழற்றப்பட்டிருந்தது. அவன் ஒரு கொப்பியை நீட்டினான். "இதுதான் மாமா என்ட பிளான்" என்றான். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாவித்த டர்போ ஒன்று, வெல்டிங் செய்து எடுக்கவேண்டிய புகைக்குழாய், இன்டர்கூலர், றப்பர் குழாய்கள், கிளிப்புகள் என்று ஒரு நீண்ட பட்டியல். பக்கத்தில் விலைகள். கடைசி வரியில் இரட்டைக் கோடிட்டு "200 குதிரைவலு" என்று எழுதியிருந்தான்.

"ஏன் மகன் இது?" என்று கேட்டேன்.

"மூணு சிலிண்டர் காருக்கே கொம்பனிக்காரன் டர்போ போட்டு விடுறான் மாமா. ஆறு சிலிண்டருக்கு நான் போட்டா என்ன?"

இந்தக் கேள்வியை எள்ளி நகையாட முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட அந்த ஐந்து வருடங்களில் இந்த நாட்டில் பழைய இரும்புக்குத் தங்கத்தின் மரியாதை வந்தது. கதவு திறந்த பின்னரும் எஞ்சினின் கொள்ளளவை வைத்து விதிக்கப்படும் வரியினால், சாதாரண குடும்பத்துப் பிள்ளை ஒருவன் புதிய காரின் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கலாமே தவிர வாங்க முடியாது. அதே வரிதான் 996 சீசீ கொண்ட டொயோட்டா ரைஸ் போன்ற சிறிய டர்போ கார்களை நமது வீதிகளில் பெருக்கியது. மூன்றே சிலிண்டர், 98 குதிரைவலு. பையனின் க்ரவுண் அதைப்போல இரண்டு மடங்கு பெரிய எஞ்சினோடு பிறந்து, நூறைச் சற்றுத் தாண்டிய வலுவோடு நிற்கிறது. அவனுக்கு ரோசம் வந்ததில் வியப்பென்ன?

ஆனால் அவனுடைய கொப்பியில் இருந்தது திட்டமல்ல. அது சாமான் பட்டியல். கல்யாண வீட்டுக்கு அரிசி, இறைச்சி, நெய், கஜு என்று எழுதி வைத்துவிட்டு, அடுப்பு எங்கே, பண்டாரி யார் என்று எழுதாமல் விட்டதைப் போன்றது.

அவன் செய்ய நினைக்கும் காரியத்தை அவனுக்கு முன்னரே, அதே எஞ்சினில், அதைச் செய்த கொம்பனியே செய்திருக்கிறது. அதை அவனும் அறியவில்லை. தடைகேட்டு வந்த கனவான்களும் அறியவில்லை.

அந்தக் காரின் எஞ்சினுக்கு 'எம்' என்று பெயர். 1965இல் க்ரவுண் காருக்காக வந்தது. சிலிண்டரின் விட்டம் 75 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரமும் அதே 75. ஆறும் சேர்ந்து 1988 சீசீ. கிராங் தண்டை ஏழு மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. அடிப்பாகம் வார்ப்பிரும்பு. பழைய ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சின்களில் ஆசைப்படத் தக்க ஒன்றுதான், சந்தேகமில்லை. 1980இல் டொயோட்டா இதே எஞ்சினுக்கு டர்போ பூட்டி 'எம்-டீஈயூ' என்ற பெயரில் க்ரவுண் காரிலேயே விற்றது. அதற்கு முந்திய வருடம், 1979இல், நிசான் தனது இரண்டு லீற்றர் 'எல்' ரக ஆறு சிலிண்டருக்கு டர்போ பூட்டி செட்ரிக், குளோரியா கார்களில் வெளியிட்டது. ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதலாவது டர்போ கார்கள் அவைதாம். இரண்டு எஞ்சின்களுமே 145 குதிரைவலு என்று அறிவிக்கப்பட்டன.

இதில் கவனிக்கவேண்டிய சங்கதி வேறு. டர்போ இல்லாத, பெற்றோல் இன்ஜெக்சன் பொருத்திய அதே எஞ்சின்களோடு ஒப்பிட்டால் அந்தக் கொம்பனிகள் பெற்ற உயர்வு ஏறத்தாழ இருபது குதிரைவலுதான். சோதனைச்சாலையும், வார்ப்பாலையும், நூற்றுக்கணக்கான பொறியியலாளர்களும் இருந்த நிறுவனங்கள் இருபதோடு நிறுத்திக்கொண்டன. இந்தப் பிள்ளை மாமரத்தின் கீழிருந்து நூறு கேட்கிறான்.

அந்த இருபதுக்காகவும் அவர்கள் முதலில் செய்தது அமுக்க விகிதத்தைக் குறைத்ததுதான். 7.6 அளவுக்கு இறக்கினார்கள். காற்றை வெளியிலிருந்து அமுக்கித் தருவதனால் பிஸ்டன் உள்ளே அமுக்கும் அளவைக் குறைத்தேயாக வேண்டும். இல்லாவிட்டால் தீப்பொறி வருமுன்னரோ, வந்த பின் ஒழுங்கு கெட்டோ பெற்றோல் வெடிக்கும். கராஜ்காரர்கள் 'நொக்கிங்' என்பது இதைத்தான். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பதைப் போன்றது. ஓரிரு நிமிடத்தில் பிஸ்டன் துளைபட்டு விடலாம்.

பெயரில் உள்ள எழுத்துகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 'டீ' என்பது டர்போ. 'ஈ' என்பது மின்னணு முறையில் பெற்றோலை அளந்து பீச்சும் ஏற்பாடு. டர்போவை மட்டும் பூட்டிவிட்டு அந்த 'ஈ'யை விட்டுவிட அவர்கள் துணியவில்லை. பையனின் பட்டியலில் 'டீ' இருக்கிறது, 'ஈ' இல்லை. காபரேட்டரோடு டர்போ பூட்டவே முடியாது என்பதல்ல. காபரேட்டரை டர்போவுக்கு முன்னால் வைத்தால் பெற்றோல் கலந்த காற்று நீண்ட குழாய் வழியே பயணிக்க வேண்டும். இன்டர்கூலரை நடுவில் வைத்தால் பெற்றோல் குளிர்ந்து உள்ளேயே படியும். பின்னால் வைத்தால் காபரேட்டருக்குள் அழுத்தம் ஏறும்; பெற்றோல் பம்ப் அந்த அழுத்தத்தையும் வென்று தள்ள வேண்டும்; கசிந்தால் சூடான புகைக்குழாயின் மேல் பெற்றோல் விழும். இந்த இரண்டில் எது என்று கேட்டேன். "பார்ப்பம் மாமா" என்றான். டர்போவை வாங்கிய பிறகு பார்க்கும் விடயமா இது?

1962இல் அமெரிக்காவில் இரண்டு டர்போ கார்கள் வந்தன. ஒன்று செவ்ரொலே கோர்வெயர் மொன்சா ஸ்பைடர். அதுவும் ஆறு சிலிண்டர்தான். மற்றது ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர். ஜெட்ஃபயரில் 10.25 என்ற உயர்ந்த அமுக்க விகிதத்தைக் குறைக்காமல் விட்டு, நொக்கிங்கைத் தடுக்க நீரும் மெதனோலும் கலந்த திரவத்தைப் பீச்சும் ஒரு தாங்கியை வைத்தார்கள். கார் வாங்கியவர்கள் அந்தத் தாங்கியை நிரப்ப மறந்தார்கள். கொம்பனி வெகு விரைவில் அந்தக் காரையே கைவிட்டது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஒரு தாங்கி காலியானதால் தோற்ற கதை அது.

நானும் அவனும் அன்று மாலை அஸருக்குப் பின் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். பிள்ளைக்குக் கணக்கு வரும். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவன். அமுக்க விகிதம் இப்போது 8.6 என்று வைத்துக்கொண்டால், அதை 7.6க்குக் கொண்டுவர ஒவ்வொரு சிலிண்டரின் மேலும் ஏறத்தாழ 6.6 கன சென்ரிமீற்றர் இடம் கூட வேண்டும். 75 மில்லிமீற்றர் விட்டத்துக்கு அது ஒன்றரை மில்லிமீற்றர் உயரம். "ஹெட் கஸ்கட்டத் தடிப்பாப் போட்டாச் சரி மாமா!" என்று துள்ளினான். சரியல்ல. இந்த எஞ்சினில் கேம் தண்டு ஹெட்டுக்குள் இருக்கிறது; ஹெட்டை ஒன்றரை மில்லிமீற்றர் உயர்த்தினால் டைமிங் செயின் இழுபட்டு வால்வ் திறக்கும் நேரமே பிந்திவிடும். அதையும் திருத்த வேண்டும். இதைச் சொன்னது நானல்லன். மறுநாள் நாங்கள் இருவரும் தேடிப்போன, இப்போது தொழிலிலிருந்து ஓய்ந்திருக்கும் ஒரு முதிய பாஸ்.

அந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. இறக்குமதி இறுகிக் கிடந்த எழுபதுகளில் தொழில் பழகியவர். பின்னர் யுத்தகாலத்தில், உதிரிப்பாகம் ஒன்றுக்காகக் கொழும்புக்கு ஆள் அனுப்புவதே பெருங்காரியமாக இருந்த நாட்களில், ஒரு வாகனத்தின் ரிங்கை இன்னொன்றுக்கும், வள்ளத்தின் பம்ப்பை லொறிக்கும் பொருத்தி இந்தக் கரையோரத்தை ஓடவைத்தவர்களில் ஒருவர். இவருக்கு எந்த அரச நிறுவனமும் ஒரு சான்றிதழ் கொடுத்ததில்லை. நமது சங்கங்கள் பொன்னாடை போர்த்திய நீண்ட வரிசையில் கராஜ் பாஸ் ஒருவரையேனும் நான் கண்டதில்லை. (கவிதைத் தொகுதி வெளியிட்டால் பொன்னாடை நிச்சயம். எனக்கே மூன்று கிடைத்திருக்கிறது.)

அவர் பையனின் கொப்பியை வாசிக்கவே இல்லை. "கம்ப்ரஷன் பாத்தியா மனே?" என்று மட்டும் கேட்டார். ஆறு சிலிண்டரின் அமுக்கத்தையும் ஒவ்வொன்றாக அளந்து, ஆறும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்குரிய மானி எந்தக் கராஜிலும் இரவல் கிடைக்கும். அவன் பார்க்கவில்லை. ஒயில் அழுத்தம், ரேடியேட்டரின் அடைப்பு, தண்ணீர் ஓடும் பாதைகளின் துரு, எதையுமே பார்க்கவில்லை. அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "காத்த அமுக்கிக் குடுத்தா எஞ்சின் வாங்கும் மனே. எத்தின நாளைக்கி வாங்கும் எண்டதுதான் கேள்வி."

டர்போவின் சுழலி நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுற்றக்கூடியது. அதைத் தாங்குவது உலோகமன்று, மெல்லிய ஒயில் படலம். அந்த ஒயில் எஞ்சினிலிருந்தே போகிறது. போனது தன் பாரத்தாலேயே வடிந்து திரும்பி வரவேண்டும். தேய்ந்த பேரிங்குகளால் ஒயில் அழுத்தம் குன்றிய எஞ்சினில் டர்போவும் சாகும், எஞ்சினும் சாகும். அதன்மேல் நமது ஊர் வெயில். 32 பாகை வெப்பமுள்ள காற்றை அரை வளிமண்டல அழுத்தம் கூட்டி அமுக்கினால், டர்போவிலிருந்து அது ஏறத்தாழ 90 பாகையில் வெளியே வரும். அந்தக் கொதிக்கும் காற்றோடு 92 ஒக்டேன் பெற்றோலைச் சேர்த்துப் பழைய பிஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு, தீப்பொறியின் நேரத்தையும் பிந்தச் செய்யாமல் விட்டால் விளைவைச் சொல்லப் பொறியியலாளர் வேண்டியதில்லை. 95 ஒக்டேன் போடலாம். அதற்கு வேறு விலை. 2022 ஜூனில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்கும் 95 ஒக்டேன் 550 ரூபாவுக்கும் விற்ற நாட்களை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு இருபது லீற்றர் என்று வரிசையில் நின்ற காலத்தில் இந்தக் க்ரவுணும் மாமரத்தின் கீழ்தான் நின்றது.

ஆக, பையனுடைய திட்டம் பிழை. அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அப்படியானால் கனவான்கள் கேட்ட மனுவை ஏன் எழுதித் தரவில்லை?

அவர்கள் தடைகேட்பது டர்போவை. என்னை நடுங்க வைத்தது வேறொன்று.

கொப்பியின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடியும் ஒரு சொல் இல்லை: பிறேக். இதைச் சொன்னபோது, "பிறேக் நல்லாத்தான் பிடிக்கிது மாமா" என்றான். எப்போது கழற்றிப் பார்த்தாய் என்றேன். மூத்தவாப்பா மௌத்தான பிறகு எவரும் பார்க்கவில்லை. காருக்கடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தோம். பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாய் கடற்காற்றில் செதில் செதிலாக உரிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் துரு உதிர்கிறது. பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. நமது கரையோரத்துக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? ஈரம் ஏறிய ஒயில் சூட்டில் கொதித்து ஆவியாகும். மிதி பாதாளத்துக்குப் போகும்.

80 கிலோமீற்றர் வேகத்தில் போகும் காரை நிறுத்துவதற்கும் 100இல் போகும் அதே காரை நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு நான்கில் ஒரு பங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வேகத்தின் வர்க்கத்தில் சக்தி ஏறுகிறது. பிறேக் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான சக்தியை விழுங்க வேண்டும். நகருக்குள் 50, வெளியே 70 என்பது இந்நாட்டின் சட்டம். கிழக்கில் அதிவேக நெடுஞ்சாலை எதுவும் இல்லை. இருப்பது பாடசாலை, சந்தை, பள்ளிவாசல், மீன்வாடி எல்லாவற்றின் வாசலையும் உரசிக்கொண்டு மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை போகும் அந்த ஒரே பிரதான வீதி. மஃரிபுக்கு வீதியைக் கடக்கும் முதியவர்களையும், ரியூஷன் விட்டு வரும் பிள்ளைகளையும் அந்த வீதியில் தினமும் காண்கிறோம்.

இந்த நாட்டில் தனியார் கார் ஒன்றின் பிறேக்கை அதன் ஆயுட்காலத்தில் ஒரு தடவையேனும் அரசு பரிசோதிக்கிறதா? இல்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். காருக்குக் கேட்பது காப்புறுதியும் புகைச் சான்றிதழும்தான். 2008இல் தொடங்கிய அந்தப் புகைப் பரிசோதனையில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, சுமையில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு அளக்கிறார்கள். சுமையில்லாத எஞ்சினில் டர்போ அழுத்தம் கொடுப்பதே இல்லை. இரண்டு மடங்கு வலு ஏற்றிய காரும் அங்கே சாதுவான பூனையாகத்தான் நிற்கும். எஞ்சினையே மாற்றினால் பதிவில் குறிக்க வேண்டும். இருக்கும் எஞ்சினின் இலக்கம் மாறாத வரை அதன்மேல் என்ன ஏறியிருக்கிறது என்று வருமான அனுமதிப்பத்திரக் கருமபீடத்தில் எவரும் கேட்கப்போவதில்லை. நாம் கார்களைத் தருவிக்கும் ஜப்பானிலோ, புதிய கார் மூன்று வருடத்திலும் அதன்பின் இரண்டு வருடத்துக்கொரு முறையும் 'ஷாக்கென்' என்ற பரிசோதனைக்குப் போகவேண்டும். பிறேக் பிடிக்காத கார் அதைத் தாண்டி வராது.

2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டம் தொடங்கியபோது பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் கழற்ற வைத்தார்கள். சாரதிகள் சங்கங்கள் கொதித்தெழுந்தன. இரு தரப்பு வாதத்தையும் பத்திரிகைகளில் படித்தேன். கண்ணுக்குத் தெரிந்ததைப் பற்றியே இரு தரப்பும் பேசின. கனவான்கள் என்னிடம் கேட்ட மனுவும் அதே இனத்தைச் சேர்ந்தது. பொலிஸார் வருவார்கள், சைலன்சரின் சத்தத்தைக் கேட்பார்கள், தண்டம் எழுதுவார்கள். பையன் டர்போவை ஒளித்துவிட்டு ஆறு மாதத்தின் பின் இரவில் பூட்டுவான். அந்தத் துருப்பிடித்த குழாய் அப்படியே இருக்கும். டர்போ பூட்டாத, சத்தம் போடாத, எவருடைய கண்ணையும் உறுத்தாத எத்தனையோ கார்களின் கீழும் அதே குழாய் அதே துருவோடு இருக்கும். மனு கொண்டு வந்த மூவரில் ஒருவருடைய காரும் அதில் அடக்கம். அந்தக் காரின் கீழும் டோர்ச் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பேச்சை மாற்றினார்.

அவரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. "வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார் மதிலில் மோதியதில்" என்று தொடங்கும் செய்தியை என் வாழ்நாளில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கட்டுப்பாடு ஏன் இழந்தது என்று ஒரு தடவையாவது கேட்டேனா? பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்கள் சொன்னதை எழுதினேன். பெயர், வயது, வதிவிடம், ஜனாஸா நல்லடக்கம் செய்யப்பட்ட நேரம். மறுநாள் அடுத்த செய்தி. அந்தக் கார்களின் பிறேக்கைக் கழற்றிப் பார்த்தார்களா என்று கேட்கும் ஒரு வரியை நான் எழுதியிருந்தால், கேட்கும் வழக்கமாவது இங்கே உண்டாகியிருக்கும். கேட்கவில்லை. கொழும்பு ஆசிரிய பீடமும் என்னிடம் கேட்கவில்லை.

வீண்விரயம் என்ற வாதத்துக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். பிறந்தநாள் கேக்குக்கும், கல்யாண மண்டபத்துப் பூவுக்கும் செலவழிக்கும்போது தோன்றாத இஸ்ராப், ஒரு பிள்ளை கையில் எண்ணெய் பூசிக்கொண்டு இரும்போடு மல்லுக்கட்டும்போது மட்டும் நமக்குத் தோன்றுவது ஏன்? அவன் கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டு மதிலில் குந்தியிருந்தால் எந்தச் சங்கமும் மனு எழுத வந்திருக்காது. சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பூஹி 1905இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். அது பரவலான பயனுக்கு வர இரண்டு தசாப்தங்கள் சென்றன. இடையில் அவரிடமும் வீண்வேலை என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் கார் மூத்தவாப்பாவின் அமானிதம் என்று பையன் வாய்க்கு வாய் சொல்கிறானே, அமானிதத்தைப் பொறுப்பெடுத்தவன் முதலில் அது எந்த நிலையில் கையில் வந்தது என்று பார்க்க வேண்டாமா? இதையும் அவனிடம் கேட்டேன். தலையைக் குனிந்தான்.

கனவான்கள் கேட்ட மனுவுக்குப் பதிலாக வேறொரு மனுவை நான் எழுதியிருக்கிறேன். அது பொலிஸுக்கல்ல; மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ஒன்று, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்கு இன்னொன்று. முதலாவதில், இத்தனை வருடத்துக்கு மேற்பட்ட தனியார் கார்களின் பிறேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றை வருடத்துக்கு ஒரு தடவை சோதிக்காமல் அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது என்றும், எஞ்சினின் வலுவைக் கூட்டுபவர் அதை அறிவித்துப் பரிசோதித்துப் பதிவுசெய்ய ஒரு வழி வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அறிவிக்க வழியில்லாத இடத்தில் மறைப்பது ஒன்றுதான் வழியாகிறது; மறைத்த காருக்கு விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரரும் கையை விரிக்கலாம். இரண்டாவதில் கேட்டது சிறியது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பீடத்து விரிவுரையாளர்களும் மாணவர்களும் நம் ஊர்க் கராஜ் பாஸ்மாரோடு அமர்ந்து, இப்படியான பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்துப் பிழை திருத்தட்டும். மோட்டார் எஞ்சினைப் படிப்பவர்களும் அதோடு உழைப்பவர்களும் ஒரே வீதியில் சில கட்டை தூரத்தில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் அறியாமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

பதில் எதிலிருந்தும் வரவில்லை. தடைமனு வேறொருவரால் எழுதப்பட்டு, கையொப்பம் திரட்டப்படுவதாகக் கேள்வி.

டர்போ இன்னும் பெட்டியோடு அவனுடைய கட்டிலின் கீழ் இருக்கிறது. நேற்று ளுஹருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து, கழற்றிய பிறேக் குழாயைப் பழைய பத்திரிகையில் சுற்றி என் மேசையில் வைத்தான். நடுவில் ஓரிடத்தில் விரல் வைத்து மெதுவாக வளைத்தான். முறிந்தது. "கம்ப்ரஷனும் பாத்தன் மாமா" என்றான். நான்கு சிலிண்டர் சரி; ஐந்தாவதும் ஆறாவதும் குறைவு. ஹெட்டைக் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாஸ் வருவதாகச் சொல்லியிருக்கிறார். என்னையும் வரச் சொன்னான். டோர்ச் பிடிக்க ஆள் வேண்டுமாம்.